செனிதாவின் பாஸ்போர்ட் எங்கே?

காலை மணி ஒன்பது. நொடி பிசகாமல் அழைப்பு மணி அடித்தது.

"வந்தாச்சு," என்றார் எகோன் ஜன்னலோரத்திலிருந்து. "முதலாளியம்மா, மூணு வாரமா உன் டைரியில ஊறிக்கிட்டிருந்த கேஸு மாடியேறி வருது."

"வாயில இருக்கற ரொட்டியை முழுங்கிட்டுப் பேசுங்க," என்றாள் தனியார் துப்பறிவாளர் இர்மேலா பவுஷ்.

"இது வெண்ணெய் தடவின பிரெட்ஸல். ரொட்டின்னு சொன்னா அதுக்கு மனசு கஷ்டப்படும்."

எகோன் ஸ்டுட்கார்ட் நகரத் தெருக்களில் இருபத்தெட்டு வருஷம் தபால் பை சுமந்தவர். முட்டி தேய்ந்து ஓய்வு பெற்றதும், வீட்டில் உட்கார்ந்தால் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்கிறாள் என்று காரணம் காட்டி இர்மேலாவிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அந்த உரிமையில் அவளை ஒருமையில் பேசுவார். சம்பளம் வாங்குகிற மரியாதைக்காக 'முதலாளியம்மா' என்று ஒட்டவைத்துக்கொள்வார்.

இர்மேலா சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமையும் இதே பெண் இதே படியேறி வந்திருந்தாள். அன்று இர்மேலாவின் பயணப்பெட்டி வாசலில் தயாராக நின்றது. மறுநாள் காலை ஏரிக்கரைக்கு விடுமுறை. டைரியைப் புரட்டி, 'செப்டம்பர் நான்கு, ஒன்பது மணி' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். இந்த ஊரில் பல் வலி என்று போனாலும் ஆறு வாரம் தள்ளித்தான் நாள் கொடுப்பார்கள், வாங்குகிறவரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். "பாஸ்போர்ட் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா" என்று சிரித்தபடி சொன்னது வேறு இப்போது காதில் கேட்டது. ஏரிக்கரையில் இரண்டாம் நாளே அது உறுத்த ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவள் திரும்பி வரவில்லை.

செனிதா உள்ளே வந்து, அந்தத் துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தாள். முப்பத்தாறு வயது. பொஸ்னியாக்காரி. நெஸ்ஸல்டால் மருத்துவக் குழுமத்தின் ஏழு ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைக்கிற சலவைக்கூடத்தில் வேலை. கையில் ஒரு துணிப்பை.

"எங்கப்பாவை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க மேடம்," என்றாள். "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னுட்டாங்க. நுரையீரல். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க ஊர் பஸ்ஸு. நான் அதுல ஏறியாகணும்."

"பாஸ்போர்ட் இல்லாம எல்லை தாண்ட முடியாது."

"அதைத்தான் மூணு வாரம் முன்னாடி சொன்னேன்."

இர்மேலாவுக்கு முகம் சூடேறியது. பேனாவை எடுத்தாள். "முதல்ல இருந்து சொல்லுங்க. யார் வாங்கினது?"

"ஸ்டோல். நாங்க அவரோட ஆளுங்க. அவர்தான் எங்களை நெஸ்ஸல்டாலுக்கு வேலைக்கு விடறார். மே மாசம், பதினோரு பேர்கிட்ட பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு பழுப்பு உறையில போட்டுக்கிட்டார். ஏதோ ஆய்வு, ஒரு வாரத்துல வந்துடும்னார். அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் 'ஆய்வுல இருக்கு'. மத்தவங்க கையில இங்க தங்கறதுக்கான கார்டு இருக்கு, அவசரமில்லைன்னு விட்டுட்டாங்க. தூதரகத்துல கேட்டா, தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுன்றாங்க. தொலையலையே மேடம். ஒருத்தர் வாங்கி வச்சிருக்கார்."

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"இல்ல. பன்னெண்டரைக்குள்ள வேணும்."

"பஸ் அஞ்சுக்குத்தானே?"

செனிதா துணிப்பையின் காதைத் திருகினாள். "காரணம் இருக்கு. முதல்ல கண்டுபிடிங்க."

எகோன் கோட்டை மாட்டிக்கொண்டார். "மூணரை மணி நேரம். முதலாளியம்மா ஒரு காபி குடிக்கவே அவ்வளவு ஆகும். கிளம்புங்க."

*

நெஸ்ஸல்டாலின் தலைமையகம் குன்றின் மேல் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறைச் சுவரில் ஆளுயரச் சட்டத்தில் அந்த நிறுவனத்தின் மனித உரிமை உறுதிமொழி தொங்கியது. எங்கள் கட்டடங்களிலும், எங்களுக்கு வேலை செய்து தருகிறவர்களின் கட்டடங்களிலும், எந்த மனிதரின் மாண்பும் குலையாமல் காப்போம் என்று தொடங்கி, பன்னிரண்டு பிரிவுகள். நான்காவது பிரிவை இர்மேலா விரலால் தொட்டாள். 'பணியாளரின் அடையாள ஆவணங்களை எவரும், எக்காரணம் கொண்டும், கைவசப்படுத்தக் கூடாது.'

"அச்சு நல்லா இருக்கு," என்றார் எகோன்.

முன்கூட்டி நேரம் வாங்காததால் செனிதாவுக்கு உள்ளே போகும் அனுமதி வில்லை கொடுக்கவில்லை. இர்மேலாவுக்கும் எகோனுக்கும் மட்டும், காரிலிருந்தே தொலைபேசியில் கெஞ்சியதால் கிடைத்தது. செனிதா கீழே ஒரு நாற்காலியில், தன் மாண்பைக் காக்கும் சட்டத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

மனித உரிமைப் பொறுப்பாளர் டாக்டர் ஃபோஸ்லர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. சட்டத்தில் டாக்டர் பட்டம். கழுத்தில் ஒரு நாடா, அதில் சின்னச் சாவி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. அது நடிப்பில்லை என்று இர்மேலாவுக்கு உடனே பட்டது.

"புகார் எண் பதினேழு," என்றார் ஃபோஸ்லர். முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, வரிசையாக நின்ற தடித்த கோப்புகளில் ஒன்றை உருவினார். "மே மாசக் கடைசியில புகார் பெட்டியில விழுந்தது. மூணு மாசமா இதே யோசனைதான் மேடம். ராத்திரி தூக்கம் வரல. எங்க நிறுவனத்துக்கு வேலை செய்யற ஒருத்தரோட பாஸ்போர்ட்டை எவனோ பிடுங்கி வச்சிருக்கான்."

"யாரோடதுன்னு தெரியாதா?"

"தெரியக் கூடாது. பெட்டியைத் திறக்கறவங்க அடையாளம் காட்டற எல்லாத்தையும் கறுப்பு மையில அடிச்சுட்டுத்தான் எனக்கு அனுப்புவாங்க. புகார் கொடுத்தவங்களை யாரும் பழிவாங்கிடக் கூடாதில்லையா?"

தாளைக் காட்டினார். பெயர் கறுப்பு. ஊர் கறுப்பு. வாங்கியவர் பெயர் கறுப்பு. கீழே ஏதோ ஒரு தேதி, அதுவும் கறுப்பு. நடுவில் 'என் பாஸ்போர்ட்டை' என்ற இரண்டு சொல் மட்டும் தப்பித்திருந்தது.

"இதுல பாதுகாப்பு நிறையவே இருக்கு டாக்டரம்மா," என்றார் எகோன். "புகாரைத்தான் காணோம்."

ஃபோஸ்லர் கோபப்படவில்லை. "எனக்கு ஸ்டோல் மேலதான் சந்தேகம். ஜூன்ல எல்லா ஒப்பந்தக்காரங்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். இது அவரோடது."

'உங்கள் நிறுவனம் பணியாளர்களின் அடையாள ஆவணங்களைக் கைவசம் வைத்திருக்கிறதா?' பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை. 'இல்லை' கட்டத்தில் டிக்.

"பச்சைப் பொய்," என்றாள் இர்மேலா.

"பச்சைப் பொய்," என்று தலையாட்டினார் ஃபோஸ்லர். "அதை நிரூபிக்க முடியாமத்தான் தவிக்கறேன். அவரை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கோம். அக்டோபர்ல கூடுது."

எகோன் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டிக் போட்ட இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

லிஃப்டில் இறங்கும்போது சொன்னார். "இருபத்தெட்டு வருஷம் ஜனங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன் முதலாளியம்மா. பொய் சொல்றவன் மெதுவா, அழகா எழுதுவான். இந்த ஆளு பேனாவால குத்தியிருக்கான். கோபம். பொய் சொல்றவனுக்கு எதுக்குக் கோபம் வரணும்?"

"மாட்டிக்குவோம்கற பயமா இருக்கும்."

"பயந்தவனுக்குக் கை நடுங்கும். தாள் கிழியாது."

இர்மேலா காது கொடுக்கவில்லை. மூன்று வாரத்தைத் தின்ற குற்றம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஸ்டோல் வசதியாகக் கிடைத்துவிட்டார்.

*

சலவைக்கூடத்தில் நீராவி புகைந்தது. நீண்ட மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோல் குள்ளமான, கழுத்தில்லாத மனிதர். கண்ணாடிக் கதவு போட்ட அறையில், இரட்டைத் துளை போட்டு அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து மதியத்துக்கான உருளைக்கிழங்கு சாலட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மணி பத்தே முக்கால்.

இர்மேலா கதவை மூடாமலே பேசினாள். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் மூடவில்லை.

"பதினோரு பாஸ்போர்ட். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

வெளியே மடிக்கிற கைகள் நின்றன.

"யாரு நீங்க? என்ன பேச்சு இது?"

"ஏழைப் பொண்ணுங்க பேப்பரைப் பிடுங்கி வச்சுக்கிட்டு வேலை வாங்கறதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? ஊர்ல அப்பன் மூச்சை எண்ணிக்கிட்டுக் கெடக்கான். பொண்ணு இங்க உங்க வாசல்ல நிக்கறா."

ஸ்டோலின் முகம் பீட்ரூட் நிறமானது. "நான் திருடனா? பதினாலு வருஷமா தொழில் பண்றேன். ஒரு நாள் கூலியை நிறுத்தினேனா, கேளுங்க! அந்த உறை என்கிட்ட இல்ல. மே மாசத்துல இருந்தே இல்ல!"

"பின்ன எங்க?"

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"யாருக்கு என்ன அனுப்பினேன்னு மூணாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது. தகவல் பாதுகாப்பு. ஏற்கெனவே அதுல ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

செனிதா முன்னால் வந்தாள். "நான் மூணாம் ஆள் இல்லையே ஐயா. அது என்னோடது."

ஸ்டோல் தடுமாறினார். அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். "ஒரே உறையிலம்மா. உன்னோடதைப் பத்திச் சொன்னா மத்தப் பத்துப் பேரோடதையும் சொன்ன மாதிரி. அவங்க எழுத்துல சம்மதம் கொடுக்கணும். ரெண்டு பேர் லீவுல இருக்காங்க."

"அப்ப கதை விடறீங்க," என்றாள் இர்மேலா. "அனுப்பவே இல்ல."

அது வேலை செய்தது. ஒழுங்காகக் கோப்பு வைக்கிற மனிதனிடம், அவன் கோப்பில் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஸ்டோல் பாய்ந்து ஒரு கோப்பை இழுத்தார். பதிவுத் தபால் ரசீது ஒன்று தாளில் நேராக ஒட்டப்பட்டிருந்தது. பெறுபவரின் பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினார்.

"பாருங்க. மே பன்னெண்டு. பதிவுத் தபால். அனுப்பினேனா இல்லையா?"

எகோன் குனிந்தார். மூக்கு தாளைத் தொடுமளவு குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "மன்னிக்கணும் ஐயா. சாலட்ல வெங்காயம் கம்மியா இருக்கு போலிருக்கு," என்று சொல்லிவிட்டு இர்மேலாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"என்ன எகோன்? அந்தக் கையைத் தட்டிவிட்டுப் படிக்கிறதை விட்டுட்டு..."

"படிச்சாச்சு. அந்த ஆளு பேரைத்தான் மூடினார். எடையையும் பின்கோடையும் மூடல. எடை நானூத்துச் சொச்சம் கிராம். வெறும் கடுதாசி அவ்வளவு கனக்காது. பதினோரு சின்னப் புத்தகம் கனக்கும். உறையில பாஸ்போர்ட்தான் போயிருக்கு."

"எந்தத் தெருவுக்கு?"

"தெருவே இல்ல. அதான் விஷயம்." எகோன் முட்டியைத் தடவிக்கொண்டார். "ஒரு நாளைக்கு மூட்டை மூட்டையாத் தபால் வாங்கற பெரிய கம்பெனிகளுக்குத் தபால்துறை தனி பின்கோடு கொடுத்துடும். அந்த நம்பருக்குள்ள வேற வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரே ஒரு கட்டடம். இந்த நம்பரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பதினோரு வருஷம் அந்தக் குன்று ஏறித்தான் என் முட்டி போச்சு."

இர்மேலா கார் சாவியை எடுத்தாள். "நெஸ்ஸல்டாலா?"

"நெஸ்ஸல்டால். ஸ்டோல் பொய் சொல்லல. கைவசம் வச்சிருக்கியான்னு கேட்டாங்க, இல்லைன்னு குத்தினார். யார்கிட்ட இருக்குன்னு எழுத அந்தப் படிவத்துல கட்டமே இல்ல."

அவள் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். ஸ்டோல் டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மடிக்கிற பெண்கள் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதனை அவன் ஆட்கள் முன்னால் திருடன் என்று கூவியாகிவிட்டது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மணி பதினொன்றே கால். அவள் கேட்கவில்லை. காரில் ஏறினாள்.

*

டாக்டர் ஃபோஸ்லர் சாப்பாட்டுக்குக் கிளம்பி அறை வாசலில் நின்றிருந்தார்.

"ஸ்டோல் ஒத்துக்கிட்டாரா?" என்றார் ஆவலாக.

"அலமாரியைத் திறங்க டாக்டர்," என்றாள் இர்மேலா.

"எதுக்கு?"

"மே பதிமூணு இல்லைன்னா பதினாலு. ஸ்டோல்கிட்ட இருந்து ஒரு பதிவுத் தபால்."

ஃபோஸ்லர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஓ, அதுவா! அது இருக்கு. பத்திரமா இருக்கு."

அலமாரியைத் திறந்தார். புகார் எண் பதினேழின் கோப்புக்குப் பக்கத்திலேயே, ஒட்டி நின்றுகொண்டு, பழுப்பு உறை. ஒட்டு பிரிக்கப்படவில்லை. மூலையில் சிவப்பு மையில் வரவு முத்திரை, மே பதிமூன்று, பக்கத்தில் ஃபோஸ்லரின் சுருக்கொப்பம். நடுவில் ஸ்டோலின் குத்துகிற கையெழுத்து: 'தகவல் பாதுகாப்பு அதிகாரி மட்டுமே பிரிக்கவும்.'

"எங்க தகவல் பாதுகாப்பு அதிகாரி ஏப்ரல்ல ஓய்வு பெற்றுட்டார்," என்றார் ஃபோஸ்லர். "புது ஆள் இன்னும் வரல. நான் பிரிக்கக் கூடாது. அதான் பூட்டி வச்சேன்."

"அவர்கிட்ட என்ன கேட்டிருந்தீங்க?"

"அவரோட ஆளுங்க எல்லாரும் முறையான பேப்பரோட, முறையான வயசுல வேலைக்கு வந்தவங்கதான்னு ஆதாரம் கேட்டேன். யாரையும் ஏமாத்திக் கூட்டிட்டு வந்துடக் கூடாதில்லையா? அவர் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் அனுப்பினார். எனக்கு வந்ததே கோபம்! ஆளுங்களோட அந்தரங்க விவரத்தை ஜெராக்ஸ் போட்டு அனுப்பலாமா? கண்டிச்சு, மறுபடி முறையா அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன்."

"புரிஞ்சுது," என்றார் எகோன். "அதனால அடுத்த தடவை ஜெராக்ஸ் எடுக்காம அனுப்பிட்டார்."

ஃபோஸ்லரின் கை தானாகக் கழுத்துச் சாவியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவர் உறையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி உறையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "ஐயோ, இல்ல."

எகோன் ஏற்கெனவே நொண்டிக்கொண்டே கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது செனிதா கூட வந்தாள்.

"அவங்களுக்கு அனுமதி வில்லை இல்லையே," என்று ஃபோஸ்லரின் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. வந்ததும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

செனிதா யாரையும் கேட்கவில்லை. உறையை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நீலப் புத்தகங்கள் மேஜையில் சரிந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி, ஐந்தாவதை எடுத்தாள். திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தாள், ஆச்சரியமே இல்லாமல் மூடினாள்.

"காட்டுங்க," என்றாள் இர்மேலா.

காலாவதித் தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு. போன வியாழக்கிழமை.

"தெரியும்," என்றாள் செனிதா. "அதான் பன்னெண்டரைன்னேன். தூதரகத்துல மனு வாங்கறது அதுவரைக்கும்தான். பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினா ஒரு தடவை ஊருக்குப் போறதுக்கு மட்டும் ஒரு தாள் தருவாங்க. காலையிலயே சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க. முடிஞ்சு போன பாஸ்போர்ட்டை யாரு தேடுவா?" பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள். "பெட்டியில போட்ட புகார்ல தேதியை எழுதியிருந்தேன். உங்ககிட்டயும் சொன்னேன் மேடம். இந்த மாசம் முடியறதுக்குள்ள வேணும்னு."

சொல்லியிருந்தாள். இர்மேலா அதை டைரியில்கூட எழுதியிருந்தாள். 'மாதக் கடைசிக்குள் வேண்டுமாம்.' அந்த அலட்சியமான 'ஆம்' இப்போது குத்தியது. அவசரம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அன்றைக்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இதே மூன்று மணி நேரத்தை, இதே குன்றுக்கு ஏறிவந்து செலவழித்திருந்தால் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் உயிர் இருந்திருக்கும். அப்பாவும் அப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இர்மேலா ஏரியில் நீந்திக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா திருடனைத் தேடினேன்," என்றார் ஃபோஸ்லர். குரல் உடைந்திருந்தது. "சாவியை நானே கழுத்துல மாட்டிக்கிட்டு. அந்த நாலாம் பிரிவை எழுதினது நான்தான் மேடம். ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதினது. செனிதா, நான் உங்ககிட்ட எப்படி..."

"கார் இருக்கா?" என்றாள் செனிதா.

"இருக்கு."

"அப்ப அழறதைக் கார்ல வச்சுக்கலாம். எடுங்க."

ஃபோஸ்லர் கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் மீதிப் பத்துப் புத்தகங்களையும் சேர்த்து அலமாரிக்குள் வைக்கப் போனார். கை பாதி தூரம் போய் நின்றது. எகோன் மெல்ல அவற்றை வாங்கிக்கொண்டார்.

"இதை என்கிட்ட விடுங்க டாக்டரம்மா. கொண்டு போய்ச் சேக்கறதுதான் என் தொழில். ஒவ்வொருத்தி கையிலயும் கொடுத்துடறேன். லீவுல இருக்கற ரெண்டு பேர் வீட்டுக்கும் போறேன். அப்படியே," என்று இர்மேலாவைப் பார்த்தார், "ஸ்டோல்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"நானே போய்ச் சொல்றேன். எல்லார் முன்னாடியும்."

"சரி. நான் போய் சாலட்டைப் பத்திப் பேசினதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்."

*

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குத் தூதரக வாசலில் கார் நின்றது. நிறுத்தக் கூடாத இடம். வாழ்நாளில் அப்படி நிறுத்தியிராத ஃபோஸ்லர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

உள்ளே கவுண்டரில் ஒரு மனுவை நீட்டினார்கள். நின்றபடியே எழுத வேண்டும். செனிதாவின் தோளில் பை, கையில் மேல்கோட்டு, போன், பாஸ்போர்ட், பேனா.

"கொடுங்க, நான் வச்சிருக்கேன்," என்று ஃபோஸ்லர் கை நீட்டினார்.

செனிதா பையைக் கொடுத்தாள். கோட்டைக் கொடுத்தாள். போனையும் கொடுத்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஃபோஸ்லரின் கை இன்னும் கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தது, பிறகு கோட்டின் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. இர்மேலா வேறு பக்கம் திரும்பிச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாள். ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

மூன்று மணிக்குத் தாள் கிடைத்தது. ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தில் அவள் ஊர்க்காரர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபோஸ்லர் ஏதோ வாங்கி வந்து ஒரு காகிதப் பையில் திணித்துக் கொடுத்தார். செனிதா மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். எகோன் நொண்டியபடி வந்து சேர்ந்தார். பத்தும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தலையாட்டினார்.

செனிதா ஊருக்குப் போன் போட்டாள். தம்பி எடுத்தான். அவன் போனை அப்பாவின் காதில் வைத்தான் போலிருக்கிறது, அவள் குரல் மாறியது. அவர்கள் மொழி இர்மேலாவுக்குத் தெரியாது. ஒரே சொல்லை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றுதான் இருக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். செனிதா பஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் சின்னதாக ஒரு பதில் சொல்லி வைத்துவிட்டாள்.

"அப்பா பேசினாரா?" என்றாள் இர்மேலா. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாள் ஏம்மா வரலைன்னு."

"என்ன சொன்னீங்க?"

"வேலை ஜாஸ்தின்னு சொன்னேன்."

ஃபோஸ்லர் தலையைக் குனிந்துகொண்டார். இர்மேலா வாய் திறந்தாள். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எங்க மேலதான் தப்புன்னு..."

"சொல்லலாம் மேடம்," என்றாள் செனிதா. பஸ் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். "டாக்டர் மேடம் ஏன் உறையைப் பிரிக்கல, ஸ்டோல் ஏன் சொல்லல, நீங்க ஏன் மூணு வாரம் தள்ளி வரச் சொன்னீங்க. எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும். கேட்டு முடிக்கற அளவுக்கு அவர்கிட்ட மூச்சு இல்ல."

கதவு மூடியது. பஸ் கிளம்பிப் போக்குவரத்தில் கலந்தது. மூன்று பேரும் நடைமேடையில் நின்றார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொல்ல மூவரில் யாருக்கும் வாய் வரவில்லை.